நெஞ்சோடு நின்ற வலக்கை

திருச்சிலுவைத் திருநாள் மேடைக்குத் தலைமை தாங்கும் தகைசால் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் முதுபெரும் பெரியோர்களே, உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் உத்தமத் தாய்மார்களே, உங்களைக் கண்டதில் உள்ளம் பூரிக்கிறேன்.

நான் யார்? கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் முப்பது ஆண்டு பேருந்து ஓட்டிய சவரிராயலு. விசில் ஒலிக்கும், இன்ஜின் உறுமும், என் வலக்கை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோளுக்கும் பறக்கும். சிலுவை போட்டேனா, கொசு விரட்டினேனா? கண்டக்டர் பக்கிரிக்கே சந்தேகம். சிரிக்காதீர்கள், உங்களில் பாதிப்பேர் போடுவதும் அப்படித்தான்.

போன ஆண்டு தவக்காலத்தில் பக்கவாதம் வந்து அந்த வலக்கையைச் சாய்த்தது. வாய் மட்டும் தப்பித்தது. அது என் மனைவி பிலோமினாவின் தலையெழுத்து. "எடது கையால போட்டுக்கங்களேன்" என்றாள். ஆண்டவருக்கு இடக்கையா? மாட்டேன் என்று வீம்பு பிடித்தேன். எட்டு மாதம் சிலுவை அடையாளமே போடாமல் கிடந்தேன்.

என்னை அரித்த கவலை ஒன்றே ஒன்று. தை மாதம் மகள் ஜெயசீலிக்குக் கல்யாணம். கோயிலுக்குப் புறப்படும் பெண்ணின் நெற்றியில் தகப்பன் சிலுவை வரைந்து அனுப்புவது எங்கள் குடும்ப வழக்கம். எந்தக் கையால் வரைவேன்?

அண்ணாமலை நகரில் எனக்குப் பிசியோதெரபி கொடுத்தவள் ஷமீனா, பரங்கிப்பேட்டைப் பெண். கையைத் தூக்கச் சொல்வாள், நான் முறைப்பேன். ஒருநாள் பிலோமினா சிலுவை போடுவதை ஷமீனா பார்த்துவிட்டாள்.

"மாமா, நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோளு. இதத்தான நானும் இத்தினி நாளா செய்யச் சொல்றேன்? இதையே போடுங்க."

பயிற்சியே பிரார்த்தனை ஆயிற்று. கை நெஞ்சுவரை ஏறியது. ஏறிய கை அங்கேயே நின்றது. நாற்பது நாள் நகரவில்லை. உதவாத கை என்று ஒரு மாலை ஓவென்று அழுதேன். பிலோமினா சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் அறையுண்ட இயேசுவைக் காட்டினாள்.

"அவரு கையுந்தான் அசையல. அதனால என்னா கொறஞ்சி போச்சி?"

அன்பர்களே, அசையாத கையல்லவா அகிலத்தை அணைத்தது? ஆணி இறங்கிய கையல்லவா ஆதாமின் மக்களை ஏந்தியது? அந்தக் கை தொட்டபோது ஒரு குருடனுக்குப் பார்வை வந்தது; அசைவற்று விரிந்தபோது அனைவருக்கும் வாழ்வு வந்தது. ஆயிரமாயிரம் சிலுவைகள் போட்டபோது விளங்காதது, போட முடியாத ஒரு சிலுவையில் எனக்கு விளங்கியது.

கல்யாண நாளும் வந்தது. பட்டுடுத்தி மகள் எதிரே நின்றாள். வீடு நிறையச் சனம். கையைத் தூக்கினேன். நெஞ்சோடு நின்றுவிட்டது.

"நீ அப்பிடியே வெச்சிருப்பா" என்றாள் ஜெயசீலி. பட்டுப்புடவை கசங்க மண்டியிட்டாள். அவள் நெற்றி என் விரலுக்கு வந்து சேர்ந்தது. கோணல்மாணலாக ஒரு சிலுவை வரைந்தேன்.

நான் எட்டினேனா? இல்லை. எட்ட முடியாத எனக்காக என் மகள் இறங்கி வந்தாள். விண்ணை எட்ட முடியாத நமக்காக ஒருவர் இறங்கி வந்தார். மாட்டுக் கொட்டில்வரை இறங்கினார், மரத்தில் அறையுண்ணும்வரை இறங்கினார், கல்லறைவரை இறங்கினார். அந்த இறக்கத்துக்குப் பெயர் சிலுவை. தோல்வியா அது? சாவே தோற்றோடிய வெற்றியல்லவா அது! தட்டுங்கள் கையை, என் பங்குக்கும் சேர்த்துத் தட்டுங்கள்.

இரு கை கூப்ப எனக்கு இன்னும் வரவில்லை. பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் தலை தாழ்த்தி நன்றி சொல்கிறேன், வணக்கம்.