வளையம் பெட்டியில் இருந்தது

வெந்நீரில் ரத்தக்கறை போகாது, இன்ஸ்பெக்டர் மேடம். பச்சைத் தண்ணீரில்தான் போகும். உங்கள் சட்டைக் கையில் இருப்பது மை. அதற்கு வேறு வழி இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் சலவைக்கூடத்தில் இருந்தவன் நான். விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உருளை இயந்திரத்தில் இஸ்திரி போட்டு, மடித்து, மாலைக்குள் திருப்பி அனுப்புகிற இடம். நான் மேற்பார்வையாளன். எனக்குப் பட்டப்பெயர் கடிகாரம். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் டாணென்று என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். மனிதர் நேரம் தவறாதவர் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

செத்துப்போனவளுக்கு உப்புத்தண்ணி என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்நேரமும் ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பாள். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அவளுக்கு வேலை செய்யாது. தினமும் மாத்திரை போட்டால் எல்லாரையும் போல நடமாடலாம். ஆனால் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் மாத்திரை போதாது, உடனே ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும். இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடுவார். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் மயக்கமாகத்தான் தெரியும். அதற்காக இடது மணிக்கட்டில் எஃகு வளையம் ஒன்று போட்டிருந்தாள். அதில் நோயின் பெயரும் போடவேண்டிய ஊசியும் வெட்டியிருந்தது.

வேலைக்கு வந்த முதல் நாளே கையைத் தூக்கிக் காட்டினாள். "நான் பொத்துன்னு விழுந்தா மூஞ்சில தண்ணி தெளிச்சுட்டு நிக்காதீங்க. இதைப் படிங்க. படிக்கத் தெரியாதவங்க படிச்சவங்களைக் கூப்பிடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவரும் படிக்கவில்லை. நான் படித்தேன்.

மேலாளர் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். நாளுக்கு இரண்டு தடவை உட்கார்ந்து ஓய்வெடுக்க அனுமதி. வளையத்தின் மேல் துணிப்பட்டி கட்டிக்கொண்டால் இயந்திரத்தில் நிற்கலாம் என்றார். ஒரு கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, "நோயை மறைக்காம சொல்றா பாருங்க, அதுக்குப் பேருதான் நேர்மை. மறைக்கிறவங்களாலதான் எல்லாருக்கும் ஆபத்து" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளங்கை எரிகிற அளவுக்குத் தட்டினேன்.

எனக்குக் கோபம் வந்தது, மேடம். இப்போதும் இருக்கிறது. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் சொல்லிப் பார்த்தவன். இருபது வயதில், முதல் வேலையில், முதலாளியிடம் போய் எனக்கு இன்ன நோய் என்று சொன்னேன். "அடடா, உடம்பைப் பாத்துக்கப்பா" என்றார். ஒரே மாதத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அம்மா அன்றைக்குச் சொன்னாள்: "இனிமே செத்தாலும் வெளிய சொல்லாதடா." நான் சொல்லவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்டையை நாலாக மடித்துப் பர்சில் அம்மா படத்துக்குப் பின்னால் சொருகினேன். நான் போடுவதை என் மனைவி இன்றுவரை வயிற்றுப்புண் மாத்திரை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். காய்ச்சலோடு நின்றிருக்கிறேன். கழிப்பறையில் எனக்கு நானே ஊசி குத்திக்கொண்டு, முகம் கழுவி, வெளியே வந்து கணக்காக வேலை வாங்கியிருக்கிறேன். எனக்கு யார் நாற்காலி போட்டார்கள்?

லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோய். அதே நோயோடு இன்னொருத்தி என் கூடத்துக்கே வந்து, அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். ஒரு நாள் இரண்டு மணிக்கு, நான் கதவைத் திறந்து வெளியே வரும்போது எதிரே நின்றாள். என் விரல் முட்டிகளைப் பார்த்தாள். இந்த நோயில் அந்த இடம் கறுத்துப்போகும், இதோ பாருங்கள். மேசை மேல் இருந்த உப்பு டப்பாவையும் பார்த்தாள்.

"உங்களுக்கும் இதேதானா சார்?" என்றாள் மெதுவாக. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்களும் இது மாதிரி வளையம் ஒண்ணு போட்டுக்குங்க சார். என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுக் கடை விலாசம் வாங்கித் தரேன். தனியா இருக்கிறப்ப விழுந்துட்டீங்கன்னா?"

அக்கறையாகத்தான் சொன்னாள். என்னை அவளோடு சேர்த்துவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் மேலாளர் விடுப்பு. காலையில் எல்லாரையும் நிற்கவைத்து விதியைப் படித்தேன். உருளைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் கையில் எந்த உலோகமும் இருக்கக் கூடாது. கழற்றி என் மேசையில் இருக்கும் தகரப் பெட்டியில் போட வேண்டும். விதி பழையது, மேடம். நான் எழுதியதல்ல.

"சார், இது நகை இல்ல சார்" என்றாள். "இது என் வாய். நான் பேச முடியாதப்ப இதுதான் பேசும்."

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றேன்.

அவளுக்கு வேலை வேண்டும். கழற்றிப் போட்டாள். மாலையில் எடுத்துக்கொண்டாள். இப்படியே நாலு நாள் போனது.

ஐந்தாம் நாள் கூடத்தில் காற்றாடி ஒன்று ஓடவில்லை. உருளைப் பக்கம் நெருப்பாக இருந்தது. பதினொரு மணிக்கு வாந்தி எடுத்தாள். என்னிடம் வந்து, "வளையத்தைத் தாங்க சார், ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன்" என்றாள். கையில் இருக்கிற துணி வண்டியை முடித்துவிட்டுப் போ என்றேன். அரை வண்டித் துணிதான் இருந்தது. அவள் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய் நின்றாள். பதினைந்து நிமிடத்தில் விழுந்தாள்.

ஆம்புலன்ஸ் விரைவாகவே வந்தது. வந்தவர் அவள் இரண்டு மணிக்கட்டையும் திருப்பிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். "இவங்களுக்கு ஏதாவது வியாதி இருக்கா?" என்று கேட்டார். அவளோடு நிற்கும் மடிப்புக்காரிதான் அழுதுகொண்டே, "இருக்கு, பேர் வாயில வரல. வளையத்துல எழுதியிருக்கும். சார், பெட்டியில இருக்கும் சார், பாருங்க" என்றாள்.

நான் அறைக்குப் போனேன். பெட்டியைத் திறந்தேன். வளையம் இருந்தது, எழுத்துப் பக்கம் மேலே பார்த்தபடி. மூடினேன். திரும்பி வந்து, "இல்லையே. இன்னைக்கு வீட்டுலயே மறந்துட்டு வந்திருப்பா" என்றேன். வெக்கையில் மயங்கியிருப்பாள் என்று அவரிடம் சொன்னேன். நான் மேற்பார்வையாளன், நம்பினார். வழியிலேயே அவள் உயிர் போய்விட்டதாக மூன்று மணிக்குத் தொலைபேசி வந்தது. என் இரண்டு மணி மாத்திரையை நான் நேரத்துக்குப் போட்டிருந்தேன்.

பெட்டி இருந்த அதே மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பழைய ரசீதுகளுக்கு அடியில், என் ஊசி இருந்தது. அவளுக்கு வேண்டியிருந்த அதே மருந்து. அவள் கிடந்த இடத்திலிருந்து பதினெட்டு காலடி தூரம். எடுத்திருந்தால், அது ஏன் என் மேசையில் இருக்கிறது என்று அத்தனை பேர் எதிரில் சொல்லியிருக்க வேண்டும். எடுக்கவில்லை. நான்தான் அவளைக் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று என்னை இங்கே கொண்டுவந்ததும் உங்கள் ஆள் என் பர்சில் இருந்த அட்டையை ஒரு வரி விடாமல் படித்தார். மருத்துவரைக் கூட்டிவந்து மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்கள். பத்து மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை, நான் கேட்காமலே கொடுத்தீர்கள். நன்றி. ஆனால் என்னை அடைத்திருக்கும் லாக்கப்புக்கு வெளியே இருக்கும் பலகையில் நோயின் பெயரையும், நான் விழுந்தால் போடவேண்டிய ஊசியையும் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறீர்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று படிக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் அழித்துவிடுங்கள், மேடம். நாளைக்கு என் மனைவி பார்க்க வருகிறாள். என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவாள்.