கன்னத்தில் ஒரு தட்டு

"ரெண்டு தட்டு தட்டினேன், சகலை."

"ஒண்ணுதான்."

"மயங்கிக் கெடந்த உங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு. மூணாவதுக்குக் கையை ஓங்கினேன், அப்பதான் 'அம்மா'ன்னு..."

"அம்மான்னு நான் கூப்பிடவே இல்ல. அது நீ போன வருஷம் சேர்த்தது."

"சரி, அம்மா வேணாம். மூக்கு ஒழுகினது?"

எங்கள் கடைசிப் பேச்சு இப்படித்தான் தொடங்கியது, சார். படகில், ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து ரப்பர்த் துடுப்புகளைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தோம். அவன் என் மனைவியின் தங்கை புருஷன், ஏசி மெக்கானிக். ஊரில் பாதி ஏசி அவன் கை பட்டது. மீதி அவன் கை படாததால் ஓடுகிறது. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் இருவரும் மூச்சடக்கிக் கடலில் முங்கி ஈட்டியால் மீன் குத்துவோம்.

இதற்கு ஒரு விதி உண்டு. ஒருவன் கீழே போனால் மற்றவன் மேலே மிதந்தபடி அவனையே பார்க்க வேண்டும். அவன் மேலே வந்த பிறகும் முப்பது எண்ணும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. மயக்கம் பெரும்பாலும் மேலே வந்து, அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் வரும். வந்தால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்து, மாஸ்க்கைக் கழற்றி, கன்னத்தில் தட்டி, கண்ணருகே ஊதி, மூச்சு விடு என்று சொல்ல வேண்டும். ஐந்து விநாடி வேலை. பிள்ளையைப் பள்ளிக்கு எழுப்புவதைவிடச் சுலபம்.

பதினோரு வருஷத்துக்கு முன் எனக்கு அது வந்தது. அவன் தட்டினான், பிழைத்தேன். நன்றி கெட்டவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு விருந்திலும் என்னை நடுவில் நிறுத்தி, கண் செருகிய என் முகத்தை நடித்துக் காட்டி, என் கன்னத்திலேயே தட்டியும் காட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அது இன்னும் மோசம். கடைக்கு வருகிறவர்கள்கூட, கண்ணாடியை மாட்டி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "தண்ணிக்குள்ள அம்மாவக் கூப்பிட்டது நீங்கதானா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இந்த ஞாயிற்றுக்கு மறுநாள் என் மகளைக் கட்டப்போகிறவனின் அப்பா அம்மா முதல்முறையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது.

"அவங்க முன்னாடி மட்டும் வேணாம்ப்பா," என்றேன்.

"சம்பந்திகிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது? பொண்ணோட அப்பன காப்பாத்தினது யாருன்னு தெரிய வேணாமா? நாளைக்கு மூணு தட்டு, சகலை."

தண்ணீரில் இறங்கினோம். அவன் முங்கினான். குத்துப்பட்ட கலவா மீன் ஒன்று பாறை இடுக்கில் புகுந்துகொண்டது. விட்டுவிட்டு வரலாம். அவன் எதைத்தான் விட்டான், இதை விட?

மேலே வந்தபோது நான் கை எட்டும் தூரத்தில் இருந்தேன். 'நல்லா இருக்கேன்' என்று சைகை காட்டவேண்டிய இடத்தில், பல்லைக் காட்டி மூன்று விரலை நீட்டினான். பிறகு தலை ஆடியது. முகம் தண்ணீரில் கவிழ்ந்தது. உதடு நீலமாகியிருந்தது. இத்தனை வருஷமாக அவன் என்னை நடித்துக் காட்டியதில் நிறம் மட்டும்தான் குறை என்று அப்போது தெரிந்தது.

நான் எண்ணத் தொடங்கினேன். விதிப்படி முப்பது. கண்ணை எடுக்கவில்லை, பார்வைதானே என் பிழைப்பு. முடித்ததும், அவசரமாக எண்ணிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். கடையிலும் அப்படித்தான், இரண்டு முறை அளக்காமல் லென்ஸ் கொடுக்கமாட்டேன். மொத்தம் பத்து முறை எண்ணினேன். நடுவில் அவன் மாஸ்க்கில் செருகியிருந்த மூச்சுக்குழல் கழன்று மிதந்து போனது. எட்டிப் பிடித்து வைத்துக்கொண்டேன். நல்ல குழல், வீணாகக் கூடாது.

பிறகு எல்லாம் முறைப்படி செய்தேன். முகத்தைத் தூக்கினேன், மாஸ்க்கைக் கழற்றினேன், தட்டினேன், ஊதினேன், "மூச்சு விடு சகலை" என்றேன். வழக்கம்போல அவன் நான் சொன்னதைக் கேட்கவில்லை.

சம்பந்தி வீட்டார் சொன்னபடியே மறுநாள் வந்தார்கள், துக்கத்துக்கு. என்ன நடந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். எப்படித் தட்டினேன் என்று மாப்பிள்ளையின் கன்னத்தில் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த என் கொழுந்தியாள் மட்டும் தலையை நிமிர்த்தினாள்.

"அஞ்சு செகண்டு வேலைன்னு எப்பவும் நீங்கதானே சொல்வீங்க, அத்தான்?"

அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்குக் கிளம்பி வந்தேன். கொன்றேன் என்று நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன். பேனாவைக் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று.

"சார், பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததச் சொல்ற இடத்துல, அவன் ரெண்டு தடவ தட்டினதா எழுதியிருக்கீங்க. ஒண்ணுதான் சார், அத மட்டும் திருத்திடுங்க."