தையல்நாயகி எப்படிச் செத்தாள்

எனக்குப் படம் பார்ப்பது பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். நல்லதென்றால் நானும் பார்ப்பேன்.

மரண விசாரணை அதிகாரி ஐயா, என் மனைவி சுலோஜனாவின் சாவை இயற்கைச் சாவென்று எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டீர்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் பக்கத்து வீட்டுப் பிரியவதனி ஊரெல்லாம் ஒரு கதை சொல்லித் திரிகிறாள். "சுலோஜனா அன்ரி அந்த நாடகத்தைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சுத்தான் மூச்சடைச்சுப் போனவ" என்கிறாள். சிரிக்க வைத்தே ஆளைக் கொல்லும் அளவுக்கு அந்தக் குப்பையில் ஒன்றுமில்லை. இல்லாத பெருமை அதற்குப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த நாடகத்துக்கு மூலமான நாவல். பெயரைச் சொல்ல மாட்டேன், இந்த விஷயத்தோடு சேர்த்து அது பேசப்படக் கூடாது. புங்குடுதீவில் நாலெழுத்துத் தெரிந்தவர்களுக்குக் கதை தெரியும். புருஷன் பாய்க்கப்பலில் பர்மாவுக்கு வியாபாரத்துக்குப் போகிறான். தையல்நாயகி பதினான்கு வருஷம் கரையில் காத்திருந்து, கடைசி மூன்று நாள் தண்ணீரும் குடிக்காமல், கப்பல் கண்ணில் பட்ட காலையில் செத்துப்போகிறாள். கொழும்பில் நான் கடை வைத்திருந்த இருபத்தைந்து வருஷத்தில் அதை முப்பத்தொரு தரம் வாசித்தேன். வாசிகசாலை ஆண்டு விழாவில் அதைப் பற்றிப் பேசினால் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள்.

சுலோஜனா பத்துப் பக்கம் தாண்டியதில்லை. அந்த இருபத்தைந்து வருஷமும் அவள் இங்கேதான் இருந்தாள். நான் வருஷத்தில் இரண்டு தரம் வந்து போவேன். சண்டைக் காலத்தில் தனியே மூட்டை கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் ஓடினாள், தனியே திரும்பி வந்தாள், கிணற்றை இறைத்துக் கூரையும் போட்டாள். அதெல்லாம் சரிதான். ஆனால் காத்திருப்பதற்கும் ஒரு அழகு வேண்டும். தையல்நாயகியிடம் அது இருந்தது. இவளோ, நான் வந்து படலையைத் திறக்கும்போது குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் நாலு பொடியன்கள் சேர்ந்து அந்த நாவலைப் பகிடி நாடகமாக்கி, எட்டுப் பகுதியாக யூடியூபில் போட்டார்கள். அவர்களுடைய தையல்நாயகி ஸ்கூட்டியில் போகிறாள். காத்திருக்க வேண்டிய கரையிலேயே கூழ்க்கடை போட்டு, கடலைத் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் நிற்கிறாள். கனடாவிலிருந்தெல்லாம் பாராட்டாம். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கு எதுவும் இனிக்கும்.

பிரியவதனி அதைச் சுலோஜனாவின் போனில் எடுத்துக் கொடுத்தாள். விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு அவள் சிரித்தாள். கட்டி நாற்பத்தெட்டு வருஷம், அவளுக்குச் சத்தமாகச் சிரிக்க வரும் என்றே எனக்குத் தெரியாது.

"வந்து பாருங்கோப்பா, சோக்காயிருக்கு" என்று என்னையும் கூப்பிட்டாள்.

நான் நாவலைக் கொண்டுவந்து முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்தேன். அவள் அதைப் போனுக்கு முண்டு கொடுத்து வைத்துவிட்டுப் பார்த்தாள்.

கடைசிப் பகுதி வந்தது ஒரு சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்ட கையோடு பார்க்கக் கதிரையில் போய் இருந்தாள். பிரியவதனி அன்று ஊரில் இல்லை. சுலோஜனாவுக்கு முட்டு வருத்தம், அந்த ஆஸ்துமா, இருந்தது உங்களுக்குத் தெரியும். சிரித்ததில் இழுக்கத் தொடங்கியது, அது உண்மை. ஆனால் கிழமைக்கு ஒருதரம் வருவதுதான். பம்ப்பை வாயில் வைத்து இரண்டு தரம் அடித்தால் அடங்கிவிடும். பம்ப் அலுமாரியில் இருந்தது. நான்தான் போய் எடுத்து வந்தேன்.

கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். நியாயமான கேள்வி.

"தையல்நாயகி என்னெண்டு செத்தவள்? சொல்லும், தாறன்."

அவள் கையை நீட்டினாள். நான் ஓரடி பின்னால் நின்றேன். நீளமான பதில் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. கரை என்றோ கப்பல் என்றோ ஒரு சொல் வந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

"அவள் சாகேல்லையப்பா" என்றாள். அந்த இழுப்புக்கு நடுவிலும் சிரிக்கப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லும்" என்றேன்.

பம்ப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்க் கதிரையில் இருந்தேன். அவளை நான் அவசரப்படுத்தவில்லை. ஒருதரம் எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் பம்ப்பை அவள் கையில் வைத்தேன். நீங்கள் வந்து கண்டது அதைத்தான்.

இதில் கோபதாபம் ஒன்றுமில்லை. நல்ல நாவலுக்கு ஒரு மரியாதை இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் அவளுக்கும் இடையில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

போன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எனக்குத் தெரியாது, அதனால் பார்க்க வேண்டியதாயிற்று. பதினான்கு வருஷம் கழித்துப் புருஷன் சந்தனப் பெட்டியும் கையுமாக வந்து கூழ்க்கடைக்கு முன்னால் நிற்கிறான். தையல்நாயகி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அண்ணை, வரிசையில நில்லுங்கோ" என்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சுலோஜனாவுக்கு அப்போது மூச்சு இருந்தது, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பம்ப்பைக் கொடுத்திருந்தால் அவளும் கூடச் சிரித்திருப்பாள்.