அய்னர் வீட்டுப் பன்னிரண்டு நிமிடம்

டிசம்பர் மாதம். பின்னேரம் நாலரை மணி... டென்மார்க்கில், கோல்டிங் நகருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே ஓர் ஒற்றை ரோடு. நாலரைக்கே கும்மிருட்டு, உங்களுக்குத்தான் தெரியுமே. நம் சிவபாலன் அண்ணையின் மருமகள் சாரங்கிக்கு நடந்தது இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை அவளுக்கு. யாருக்கு எத்தனை நிமிடம் என்று வேலைக் கைபேசி சொல்லும். அந்த ரோட்டின் கடைசி வீட்டு அய்னர் கிழவருக்குப் பன்னிரண்டு. மாத்திரை கொடுத்து, காலுறை மாட்டுவதற்குள் முடிந்துவிடும். கிழவர் இரண்டு கோப்பையில் கோப்பி ஊற்றி வைத்திருப்பார். ஒரு நாளாவது உட்கார்ந்து குடித்திருப்பாளா? "போட்டு வாறன் அப்பு" என்று விடைபெற்று ஓடுவாள். அவரும் தமிழிலேயே பதில் சொல்லப் பழகியிருந்தார். கைத்தடியை இரண்டு தரம் தட்டி, "ஓம், வாங்கோ" என்பார்.

அவருக்கு மூச்சு வாங்குகிறது, இன்னும் பத்து நிமிடம் தாருங்கள் என்று மேலாளர் லோனேயிடம் மூன்று தரம் கெஞ்சினாள். மூன்று தரமும் "பார்ப்போம்." நாலாம் நாள் கிழவர் கதிரையிலேயே செத்துக் கிடந்தார். லோனே என்ன செய்தாள் தெரியுமா? பட்டியலில் பெயரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் வேறொருவரைப் போட்டாள். அழுவதற்கு ஒரு நிமிடம்கூடத் தரவில்லை. இந்த நிமிடக் கணக்கைக் கண்டுபிடித்தவன் நாசமாய்ப் போக!

இந்த ஊரில் ஆள் இறந்தால், உயிர் வெளியேற ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். அதைக்கூட யாரும் செய்யவில்லை என்று கேள்விப்பட்டதும் சாரங்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுச் சாவி இன்னும் அவளிடம்தான் இருந்தது. வேலை முடிந்த கையோடு போனாள்.

வீடு குளிர்ந்து கிடந்தது. லைட் எரியவில்லை. ஆனால் கோப்பி மணம்... இப்போதுதான் ஊற்றியது போல. கொக்கியைத் தள்ளினாள். கிரீச்... ஜன்னல் திறந்தது.

"கேட்டனான் அப்பு. தரேல்லை. பாவியள் தரேல்லை."

ஆத்திரம் தீர அழுதாள். கதவைப் பூட்டும்போது, பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"போட்டு வாறன் அப்பு."

உள்ளே... டொக். டொக்.

"ஓம்... வாங்கோ."

காருக்கு எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. புருஷன் நிரோஜனுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள். அவன் கத்தினான்.

"உனக்கென்ன விசரே? செத்த வீட்டில ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுவினமே?"

மறுநாளே சாவியையும் வேலைக் கைபேசியையும் லோனேயின் மேசையில் எறிந்துவிட்டு, வேலையை விட்டாள்.

முந்தாநாள் பின்னேரம், சரியாக நாலரைக்கு, அவளுடைய சொந்தக் கைபேசி அதிர்ந்தது. வேலைப் பட்டியலில் வருவதுபோலவே அய்னரின் பெயர். அதே விலாசம். எத்தனை நிமிடம் என்று இருக்கும் இடத்தைப் பார்த்தாள்.

பன்னிரண்டு இல்லை. இருபத்திரண்டும் இல்லை.

முடியும் நேரமே போடப்படவில்லை.