நீலக் கயிறு கட்டிய ஆறு ஆடுகள்

பூமாரி: ஏலே சங்கரசுப்பு, பெர்லின் டாக்டரம்மா எங்கன வாராவன்னு போன் போட்டுக் கேளுலே.

சங்கரசுப்பு: இப்பத்தான கேட்டேன் மதினி. பனவடலிசத்திரம் தாண்டிட்டாவளாம்.

பூமாரி: தாண்டியாச்சா! ஐயோ... இன்னைக்கு வராண்டாம்னு சொல்லிருலே. எனக்குக் காய்ச்சல்னு சொல்லு.

சங்கரசுப்பு: ஆட்டுப் பாலைத்தான சோதிக்க வாராவ? ஒங்களையா சோதிக்கப் போறாவ?

பூமாரி: சிரிக்காதலே... ஒருத்தர்ட்டயும் சொல்லிராத. அந்த மருந்துக் காளான் பொடி இருக்குல்லா...

சங்கரசுப்பு: பொடியா? பொடிக்கு... என்ன?

பூமாரி: சிவப்புக் கயிறு கட்டுன ஆறு ஆட்டுக்கு மட்டும் தவிட்டுல கலந்து வைங்க, நீலக் கயிறு ஆறுக்கும் வெறுந்தவிடுன்னுதான சொன்னாவ?

சங்கரசுப்பு: ஆமா. ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் காளான் மடிநோயத் தடுக்குதான்னு தெரியும்னாவ.

பூமாரி: நான் பன்னெண்டுக்கும் வச்சிட்டேன்.

சங்கரசுப்பு: மதினி!

பூமாரி: ரெண்டு மாசமா.

சங்கரசுப்பு: என்ன காரியம் பண்ணிருக்கீய!

பூமாரி: நான் என்ன செய்ய? ஒண்ணுக்கொண்ணு ஒரசிக்கிட்டு நின்னு திங்குது. ஒரே பந்தியில ஒக்கார வச்சி ஒரு எலைக்குப் பாயசம், அடுத்த எலைக்கு ஒண்ணுமில்லன்னு போவமா? கை வரலலே...

சங்கரசுப்பு: ஆட்டுக்குப் பந்தி வஞ்சனை கூடாதுன்னு பாத்த மொத ஆளு நீங்கதான்.

பூமாரி: செம்மறியப் போயி கறந்து விக்கியேன்னு ஊரே சிரிச்சப்ப, கூட நின்னது அந்தப் பிள்ளை ஒருத்திதான். அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?

சங்கரசுப்பு: சொல்லவே சொல்லாதீங்க. மூச்சு விடக் கூடாது... ஆரன் கேக்கு. வந்துட்டாவ.

பெர்லின்: என்னக்கா, இப்படி வேர்த்துக் கொட்டுது? மடியக் கழுவிட்டுக் கறங்க அண்ணாச்சி.

பூமாரி: முன்னல்லாம் கழுவுறதே இல்ல, இப்ப ரெண்டு மாசமா வெந்நீர்லதான் கழுவுதோம் டாக்டரம்மா.

பெர்லின்: இந்தத் தட்டுல விடுங்க. மேல மருந்து ஊத்துதேன். நோய் இருந்தா பால் கொழகொழன்னு கட்டிக்கிடும்... இல்ல, சுத்தம். சிவப்பு ஆறும் நல்லாருக்கு. நீலத்தக் கொண்டாங்க... இதுவும் சுத்தம். இதுவுமா? அட... ஆறுமே!

பூமாரி: நல்லதுதான?

பெர்லின்: ஆட்டுக்கு நல்லதுதான்க்கா. ஆனா பொடி தின்னதும் திங்காததும் ஒண்ணுபோல இருந்தா, பொடியால பலன் இல்லன்னுதான எழுதணும்? மூணு வருசமா இதுக்குப் பின்னாலயே அலைஞ்சேன்... சரி, போட்டும்.

சங்கரசுப்பு: அப்படியே எழுதிருங்க டாக்டர். அதான் நல்லது.

பூமாரி: எழுதாதீங்க! நீலத்துக்கும் நான் பொடி வச்சேன். ஒரு நாள் விடாம. என்னைய என்ன வேணாலும் ஏசுங்க...

பெர்லின்: அக்கா! பன்னெண்டுக்குமா?

பூமாரி: பன்னெண்டுக்கும்.

பெர்லின்: ...போன ஈத்துல, குட்டி போட்டப்ப, இதுல ஏழுக்கு மடிநோய். இப்ப ஒண்ணுக்குக்கூட இல்ல. அப்ப பொடி கேட்டிருக்கு! ஒங்கள ஏசவா, கும்பிடவா? ராயகிரியில நாப்பது மந்தைக்காரங்க இந்தப் பொடிக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. இப்பமே போன் போட்டு...

சங்கரசுப்பு: டாக்டர்... போன் போடாதீங்க.

பூமாரி: ஏம்லே? ஒனக்கு எதுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சி?

சங்கரசுப்பு: நான் மேய்ச்ச அன்னைக்குத்தான மதினி, மழைக்காளானத் தின்னு ஒன்பது ஆடு ஒரே பகல்ல சாஞ்சுது? அண்ணனும் போன பெறகு ஒங்களுக்குன்னு இருக்கது இந்தப் பன்னெண்டுதான். காளான்னு காதுல விழுந்ததும் பயந்துட்டேன். மொத நாளே அந்தப் பொடியக் குழி தோண்டிப் பொதச்சிட்டேன்... நீங்க வஞ்சனை இல்லாமப் பந்தி வச்சது பூராவும், நான் டப்பாவுல நெறச்ச கேப்பை மாவு.