இருபத்தி ரெண்டாவது பேர்

– நாப்பத்தோரு மணி நேரம் ஆச்சுப்பா, அம்மா தூங்கி. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு முழிச்சவங்க.

– எண்ணிக்கிட்டா இருக்கே, ரோசரி?

– வேற என்ன செய்யுறது? என்னால முடிஞ்சது அது ஒண்ணுதான்.

– அதாவது, மேரியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுதான் டாக்டர் சொன்னாரு. மருந்தே இல்லைன்னு சொல்லல.

– அதுக்கு அதாம்பா அர்த்தம். ரெண்டு சிறுநீரகமும் நின்னு போச்சு. கழிவெல்லாம் ரத்தத்துலயே தங்கி மூளைக்கு ஏறுது. அதனாலதான் இந்தப் பேச்சு. தூங்கிட்டா வேதனை தெரியாமப் போயிடும். தூங்காமலே கிடந்தா நெஞ்சு தாங்காதுன்னாரு.

– உன்னை பி.எஸ்சி. படிக்க வச்சது தப்பாப் போச்சு. எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருக்கே.

– தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

– அழகர்சாமி.

– பாருங்க, திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சுட்டாங்க. உள்ளேன் டீச்சர்.

– கிளமென்ட். காலை மடக்கி உட்காரு.

– உள்ளேன் டீச்சர். மடக்கிட்டேன் டீச்சர்.

– சவரிராயன்.

– உள்ளேன் டீச்சர். நீங்களும் சொல்லுங்கப்பா, எனக்குத் தொண்டை கட்டிடுச்சு.

– தர்மராஜ்.

– உள்ளேன்... உள்ளேன் டீச்சர்.

– கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. கேக்கலன்னா மறுபடி கூப்பிடுவாங்க.

– பரக்கத் அலி. மூக்கைத் துடை. சட்டையில இல்ல.

– உள்ளேன் டீச்சர். இந்தப் பரக்கத் அலி இப்ப அரியமங்கலத்துல லாரிப் பட்டறை வச்சிருக்கான், தெரியுமா? மீசையே ஒரு சாண் இருக்கு. முந்தாநாள் வந்து வாசல்ல நின்னு அழுதுட்டுப் போனான்.

– மூக்கைத் துடைச்சாரா?

– சட்டையிலதான்.

– சிரிக்காதீங்கப்பா. அம்மா உங்களையே பாக்குறாங்க.

– அவ என்னைப் பாக்கல. நான் உட்கார்ந்திருக்குற இடத்துல ஒரு மூணாம் வகுப்பு இருக்கு, அதைப் பாக்குறா. அதாவது, இருபத்தேழு வருஷம். ஒருநாள் லேட்டுன்னு கிடையாது. பாலக்கரையில பஸ் பிடிச்சு, சத்திரம் ஸ்டாண்டுல மாறி, காவேரிப் பாலம் தாண்டி இறங்கி, வாய்க்கால் கரையோட ஒரு மைல் நடந்து வருவா. நான் ஹெட்மாஸ்டரு, சைக்கிள்ல போவேன். எனக்கு முன்னாடி வகுப்பைப் பெருக்கி வச்சிருப்பா. லீவு போட்டது ரெண்டே தடவை. உன்னைப் பெத்தப்போ ஒண்ணு. நாப்பத்தெட்டுல எனக்கு டைபாய்டு வந்தப்போ ஒண்ணு.

– ஏம்ப்பா "போட்டது", "வருவா"ங்கிறீங்க? அம்மா இங்கதான் இருக்காங்க.

– நான் அப்படியா சொன்னேன்? என் பேச்சுக்கு நடுவுல இருபது பேர் வரைக்கும் நீயே உள்ளேன் சொல்லி முடிச்சுட்டே.

– பாக்கியமேரி.

– உள்ளேன் டீச்சர்.

– பொன்னுத்தாய்.

– உள்ளே...

– வேண்டாம்! ரோசரி, வேண்டாம்.

– கையை விடுங்கப்பா.

– பொன்னுத்தாய். பொன்னுத்தாய்... எங்கே அவ?

– பாத்தீங்களா? இன்னிக்குக் காலையிலேருந்து பதினோரு தடவை. இருபத்தி ரெண்டாவது பேர்ல வந்து நிக்கிறாங்க. மூணு தடவை கூப்பிடுறாங்க. பதில் வரலன்னா திரும்ப அழகர்சாமி. பொன்னுத்தாய்க்கு அப்புறம் யார் பேரு இருக்குன்னே எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை அந்தப் பேருக்குப் பதில் சொன்னா கடைசி வரைக்கும் போவாங்க. முடிச்சா தூங்குவாங்க. அவ்வளவுதானே நமக்கு வேணும்?

– அந்தப் பேருக்கு மட்டும் நீ உள்ளேன்னு சொல்லாதே.

– செத்துப்போன பிள்ளைக்குச் சொல்லக் கூடாதுங்கிறீங்களா? மத்தவங்களுக்குச் சொல்றதும் பொய்தானே. நான் என்ன கிளமென்ட்டா?

– அது வேற.

– எனக்குத் தெரியும்ப்பா. எனக்கு அப்ப பதினோரு வயசு. எல்லாம் ஞாபகம் இருக்கு. அம்பத்து மூணு, ஆடி மாசம், வாய்க்கால்ல புதுத்தண்ணி. பொன்னுத்தாய் ஸ்கூலுக்கு வர்ற வழியில வழுக்கி விழுந்துட்டா. அவங்கப்பா வீரமலை பத்தரை மணிக்குக் கரையில பையைப் பாத்து எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடி வந்து கேட்டாரு. ரிஜிஸ்டர்ல ஆஜர் போட்டிருக்கு, பிள்ளை உள்ள இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பையை மறந்துட்டாபோலன்னு அவரும் வயலுக்குப் போயிட்டாரு. சாயங்காலம்தான் எடுத்தாங்க.

– போதும்.

– பதினோரு மணிக்கு ஒரு பிள்ளை கத்துற சத்தம் கேட்டுச்சாம். துணி துவைச்சுக்கிட்டு இருந்தவங்க விளையாடுறாங்கன்னு நினைச்சாங்களாம். தாழை வேரைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கா. கையில வேர்த்துண்டு அப்படியே இருந்துதாம். அதையும் எங்க கிளாஸ் பிள்ளைங்கதான் எனக்கு வந்து சொன்னாங்க. "உங்கம்மாதானே வராத பிள்ளைக்கு ஆஜர் போட்டது?"ன்னு.

– போதும் ரோசரி. அவளுக்குக் கேக்கும்.

– கேக்கட்டும். நான் அம்மாகிட்டயே கேட்டேன். "நீங்களா போட்டீங்க?"ன்னு. "ஆமா, நான்தான் போட்டேன்"னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. இன்ஸ்பெக்டர் வர்றாருன்னு போட்டேன், தெரியாமப் போட்டேன், ஒண்ணும் இல்ல. நான் ரெண்டு மாசம் அம்மாகிட்டப் பேசல. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

– இருக்கு.

– காலேஜ்ல சேரும்போது டீச்சர் டிரெயினிங் போறியான்னு கேட்டாங்க. நான் சொன்னேன், "நான் சயன்ஸ் படிக்கிறேன், அங்கே கண்ணால பாத்ததைத்தான் நோட்டுல எழுதுவாங்க"ன்னு. அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. தண்ணி தெளிஞ்ச பிறகும் களைஞ்சுக்கிட்டே இருந்தாங்க.

– அப்படியா சொன்னே?

– சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அதுக்கு மன்னிப்புக் கேக்கல. இப்பக் கேட்டா அம்மாவுக்குப் புரியாது.

– அழகர்சாமி.

– உள்ளேன் டீச்சர்... அப்பா, நான் ஒண்ணு யோசிச்சேன். மாரியாயியப் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்.

– யாரை?

– பொன்னுத்தாயோட அம்மாவை. மணி ரெண்டரை. இப்பக் கிளம்பினா சாமியார் கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைபூசுதல் கொடுக்க வர்றதுக்குள்ள, நாலு மணிக்குள்ள வந்துடலாம். அம்மா வருஷா வருஷம் ஆடியில அவங்க வாசல்ல போய் நின்னாங்களே, அவங்க ஒரு தடவையும் கதவைத் திறக்கல. இப்ப நிலைமையைச் சொன்னா வர மாட்டாங்களா? "மன்னிச்சுட்டேன்"னு ஒரு வார்த்தை சொன்னா அம்மா அடங்குவாங்க.

– அவ வந்து மண்ணை வாரித் தூத்துவா.

– தூத்தட்டும். கால்ல விழுந்து கூட்டிட்டு வரேன். அம்மாவுக்கு மன்னிப்புக் கிடைக்காமத்தான் உயிர் இழுத்துக்கிட்டு இருக்கு.

– உங்கம்மா கேக்க வேண்டிய மன்னிப்பு இல்ல அது!

– என்னது?

– ஒண்ணுமில்ல. நீ போக வேண்டாம்.

– கிளமென்ட்.

– உள்ளேன் டீச்சர். அப்பா, இப்ப என்ன சொன்னீங்க?

– அதாவது... பிள்ளை தண்ணியில விழுந்தது அவ தப்பான்னு சொல்ல வந்தேன்.

– இல்ல, நீங்க அதைச் சொல்லல.

– ரிஜிஸ்டர் எங்கே?

– இதோ இருக்கு டீச்சர். உங்க கையில இருக்கு டீச்சர்.

– இல்ல. சார்கிட்ட இருக்கு. சார்கிட்டேருந்து வரட்டும்.

– சார்னா உங்களையா சொல்றாங்க? ரிஜிஸ்டர் ஏன் உங்ககிட்ட இருக்கு?

– ஜன்னில பேசுறதுக்கெல்லாம் அர்த்தம் தேடாதே.

– இத்தனை மணி நேரத்துல அம்மா ஒரு பேரைக்கூட மாத்திச் சொல்லலப்பா. பரக்கத் அலியோட மூக்கு வரைக்கும் சரியா இருக்கு. அன்னிக்கு ரிஜிஸ்டர் உங்ககிட்டயா இருந்துது?

– இன்ஸ்பெக்டர் வர்ற நாள்னா எல்லா வகுப்பு ரிஜிஸ்டரும் முந்தின நாள் சாயங்காலமே என் மேசைக்கு வந்துடும். மாச வருகைச் சராசரி போடணுமில்ல. அது வழக்கம்.

– அப்ப அன்னிக்குக் காலையில அம்மா எதைப் பாத்துப் பேர் கூப்பிட்டாங்க?

– அவளுக்கு எதுக்குப் பாக்கணும்? முப்பத்தோரு பேரும் மனப்பாடம். வாயால கூப்பிட்டுட்டு, யார் வரலன்னு ஒரு சீட்டுல எழுதி அனுப்புவா. அதை வச்சு நான்...

– நீங்க?

– தண்ணி கொடு.

– அதை வச்சு நீங்க என்னப்பா?

– கத்தாதே. வாசல்ல ஆளுங்க இருக்காங்க.

– நான் கத்தல. ரிஜிஸ்டர் உங்க மேசையில. அம்மா வகுப்புல. அப்ப பொன்னுத்தாய்க்கு ஆஜர் போட்ட கை யாரோடது?

– அந்த வருஷம் வருகை குறைஞ்சா மூணாம் வகுப்பையே எடுத்துடுவோம்னு ஆபீஸ்லேருந்து எழுதியிருந்தாங்க. முப்பத்தோரு பேரும் தினமும் வந்தாத்தான் சராசரி நிக்கும். வகுப்பு போனா டீச்சரும் போகணும். உங்கம்மா வேலைதான் போயிருக்கும். அதுக்காகத்தான் போட்டேன். சீட்டு வர்றதுக்கு முன்னாடியே, பத்து மணிக்கே, பேனாவை எடுத்து மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே ஓட்டமாப் போட்டுட்டேன். யார் இருக்கா, யார் இல்லன்னு பாக்கவே இல்ல.

– அம்மாவுக்கு இது தெரியுமா?

– அன்னிக்குச் சாயங்காலமே சொன்னேன். பிள்ளையைக் கரையில கிடத்தியிருந்தாங்க. அழவே இல்ல அவ. "பாக்காமப் போட்டுட்டீங்க, அவ்வளவுதானே?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "வீரமலை வந்து கேட்டப்போ என் சீட்டு உங்களுக்கு வந்துடுச்சா?"ன்னு கேட்டா. வரலன்னேன். "அப்ப நான் ஏத்துக்கறேன். ஹெட்மாஸ்டர் பேர் வந்தா ஸ்கூலையே மூடிடுவாங்க, இத்தனை பிள்ளைங்க எங்க போகும்?"னுட்டா. விசாரணையில அவளே போய், "என் வகுப்பு, நான்தான் போட்டேன்"னு எழுதிக் கொடுத்தா.

– நீங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்களா?

– இருந்தேன்.

– மூணு வருஷம் சம்பள உயர்வு கொடுக்கல. ஒண்ணாம் வகுப்புக்கு இறக்கினாங்க. அந்த ஊர்ல ஒரு வீட்டுல தண்ணி கொடுக்கல அம்மாவுக்கு. நான் ரெண்டு மாசம் பேசல. நீங்க பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்க.

– என்னை என்ன வேணாலும் சொல்லு.

– தள்ளுங்கப்பா, அம்மா நெத்தியைத் துடைக்கணும்.

– வருஷா வருஷம் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். அங்கே கிராதிக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாது. சொல்லிட்டு வந்துடலாம்.

– பரக்கத் அலி.

– உள்ளேன் டீச்சர்... மூச்சு வாங்குது பாருங்க. முன்னைவிட வேகமா இருக்கு. நாடி நூத்து முப்பதுக்கு மேல.

– டாக்டரைக் கூப்பிடட்டுமா?

– வந்து என்ன செய்வாரு? நெத்தியைத் தொட்டுட்டுப் போவாரு.

– பாக்கியமேரி.

– உள்ளேன் டீச்சர்.

– பொன்னுத்தாய்.

– சொல்லும்மா ரோசரி. நீ கேட்டபடி உள்ளேன்னே சொல்லிடு. நான் தடுக்கல. அவ தூங்கட்டும்.

– நான் சொல்ல மாட்டேன்.

– இவ்வளவு நேரம் நீதானே சொல்றேன்னு நின்னே!

– அப்ப எனக்குத் தெரியாது. அன்னிக்கும் இதேதான் சொன்னாங்க, பிள்ளை உள்ள இருக்குன்னு. இன்னொரு தடவை நான் எப்படிச் சொல்வேன்?

– பொன்னுத்தாய்.

– கண்ணு என் பக்கம் திரும்புதே. ரோசரி, இவ என்னைத்தான் பாக்குறா. ஏதாவது சொல்லேன்.

– என்னைக் கேக்கலப்பா. உங்களைக் கேக்குறாங்க.

– பொன்னுத்தாய்... எங்கே அவ?

– வரல, மேரி. பொன்னுத்தாய் இன்னிக்கு வரல. வீரமலை பையோட வந்து என் முன்னால நின்னப்போ, நீ அவ பேரை எழுதி அனுப்பின சீட்டு என் கையிலதான் இருந்துச்சு.