தண்ணி நெறத்துக் கல்லு

அட, அந்தத் தண்ணி மொடாவத் தொடாதீங்கப்பா! கைய எடுங்க. கெணறு வெட்ட வந்தவங்க மொதல்ல இதக் கேட்டுட்டு எறங்குங்க.

ரொம்ப ரொம்ப முன்னாடி, இதே வெள்ளக்கரட்டூருல மழை பொய்ச்சுப் போச்சாம். பாவாத்தா, அவ புருசன் செங்கோடன், கொழுந்தன் நாச்சிமுத்து, மூணு பேருந்தான் வீட்டுல. குடிக்கத் தண்ணியில்ல. சரின்னு ஆம்பளைக ரெண்டு பேரும் கெணறு தோண்ட, பாவாத்தா மேல நின்னு கூடையில மண்ணு இழுத்தாளாம்.

தோண்டுனாங்க, தோண்டுனாங்க, தண்ணி வரல. கல்லு வந்துச்சு! தண்ணி நெறத்துலயே, நீலமும் பச்சையுமா, உள்ள பாத்தா ஆழந் தெரியுற கல்லு. கூடையில மேல வந்தத பாவாத்தா எடுத்துக் கன்னத்துல வெச்சுப் பாத்தாளாம். கண்ணாடின்னா கொஞ்ச நேரத்துல சுடும். இது அந்த உச்சி வெய்யில்லயும் சில்லுன்னே இருந்துச்சு. அவளுக்கே கீழ வெக்க மனசில்லையாம். பாத்துக்குங்க!

அப்பறம் தண்ணி நெனப்பு ஆருக்கு? கல்லு ஓடுன பக்கமே சுவத்தக் கொடஞ்சு கொடஞ்சு எலிவளையாட்டம் உள்ள போயிட்டாங்க. மேல நின்னவ காலுக்கடியில மண்ணு வெடிச்சுச்சு. சரசரன்னு உதிருது.

"மாமா, மண்ணு உதிருது, மேல வாங்க!"

"இரு புள்ள, இன்னொண்ணு!"

"சாமி சத்தியமா வெடிச்சிருக்குது மாமா!"

"இன்னொண்ணே ஒண்ணு!"

அழுதா. கும்புட்டா. ம்ஹூம். கல்லு கூப்படறப்போ பொண்டாட்டி கூப்படறது காதுல ஏறுமா? பாத்தா பாவாத்தா. கன்னத்துல வெச்ச கல்லத் தூக்குனா. "இந்தா, உங்க கல்லப் பக்கத்துக் குட்டையில வீசறேன்! வேணும்னா வந்து எடுத்துக்குங்க!" வீசியே போட்டா.

செங்கோடனுக்கு அவளத் தெரியும். "அடிப்பாவி, செஞ்சிருவாளே!"ன்னு அடிக்கற வெறியில கவுத்தப் புடிச்சு ஏறுனான். நாச்சிமுத்து சிரிச்சானாம். அண்ணிய அவன் நங்கைன்னுதான் கூப்படுவான். "போண்ணா, நங்கை சும்மா மெரட்டறாங்க. வீசியிருந்தா தண்ணியில உழுந்த சத்தங் கேக்காதா?"

கோடையில குட்டையில ஏது தண்ணி? சேறுதான். சத்தமில்லாமக் கல்ல முழுங்கிருச்சு.

செங்கோடன் மேல வந்து கைய ஓங்குனான். ஓங்குன கை எறங்கல. முதுகுக்குப் பின்னால கெணறு வாய மூடிருச்சு. "நங்கை"ன்னு ஒரே ஒரு சத்தம். அப்பறம் புழுதிதான்.

பாவி மக, தலையில அடிச்சுக்கிட்டு அழுதாளாம். அடுத்த கெணறு வெட்டறப்போ, வீட்டுல குடிக்க இருந்த தண்ணியவே ஒரு மொடாவுல ஊத்திக் கெணத்து மேட்டுல வெச்சாளாம். "இனி நாங் கூப்பட மாட்டேன். இதுல கல்லத்தான் போடுவேன். சத்தங் கேட்டா, வைரமே கெடைச்சாலும் போட்டுட்டு ஏறி வந்தரோணும்"னாளாம்.

அதுதானப்பா இந்த மொடா. இன்னிக்கும் இந்த ஊருல கெணறு வெட்டுனா மேல ஒரு பொம்பள இதோட நிப்பா. தொபுக்குன்னா ஏன், எதுக்குன்னு கேக்கப்படாது.

மொதக் கல்லு மட்டும் நமக்கில்ல. அது நாச்சிமுத்துக்கு. அவன் இன்னும் சத்தத்துக்குக் காதுகுடுத்துக்கிட்டுக் கீழதான் இருக்கான்னு சொல்லுவாங்க. இந்தா, போடறேன்.

தொபுக்! ஏறி வா, நாச்சிமுத்து.

கேட்டுச்சாப்பா? கேட்டவன் மட்டும் எறங்கு.